தட்டில் விழும் இறகுகள்

கூண்டின் அடித்தட்டை வெளியே இழுத்து, அதில் விரித்திருந்த செய்தித்தாளை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். எச்சம், விதைத் தோல், கடித்துத் துப்பிய கேரட். நடுவே நாலைந்து சாம்பல் இறகுகள்.

"இன்னிக்கும் பிடுங்கிட்டியா. உனக்கு வேற வேலையே இல்லையா, சனியனே."

கிளி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. சாம்பல் கிளி. நெஞ்சில் ஒரு எலுமிச்சை அளவுக்கு இறகில்லாமல் வெறும் தோல். அவள் புதுத்தாளை விரித்தாள், நின்றபடியே சாப்பிட்டாள், வானொலியைப் போட்டாள், கதவைப் பூட்டிக்கொண்டு படிகளில் இறங்கினாள். மதிய இடைவேளை அவ்வளவுதான் தாங்கும்.

அவளுக்கு வேலை சலவைக்கூடத்தில். மருத்துவமனைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து ஈரமாக நீட்டுவார்கள். இரண்டு முனைகளைப் பிடித்து ஓர் உதறு உதறி, சுருக்கம் நீக்கி உலர்த்தும் கொதிக்கும் உருளைக்குள் அவள் விட வேண்டும். உருளையின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோருக்கும் உதட்டைப் பார்த்தே பேச்சு புரியும். அவளுடைய உதடு பெரும்பாலும் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும். "கொஞ்சம் சிரிச்சாதான் என்ன, கிளியக்கா?" என்று மேற்பார்வையாளர் ஒருமுறை கேட்டார். "சிரிச்சா விரிப்புல சுருக்கம் விழும் சார்" என்றாள்.

கிளியக்கா என்ற பெயர் சும்மா வரவில்லை. வளர்த்து அலுத்துப்போன பறவைகளை அவளிடம் கொண்டுவந்து விடுவார்கள். வேறு நல்ல வீடு கிடைக்கும்வரை அவள் வைத்துக்கொள்வாள். கொண்டுவருகிறவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், பார்த்துக்கொள்ள முடியவில்லை.

"நான் மட்டும் என்ன, கால் மேல கால் போட்டுக்கிட்டு வீட்டுல உக்காந்திருக்கேனா?" என்பாள். அதற்குள் அவள் கை கூண்டை வாங்கியிருக்கும்.

பறவை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. கூண்டுக்கு எதிரே ஒரு நாற்காலி. கையில் சூடான டீ. டீ ஆறி, குடித்து முடிக்கும்வரை பறவையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். நடுவில் கைபேசியை எடுத்தால் தீர்ந்தது. "டம்ளரை வச்சிட்டுக் கிளம்புங்க." பெரிய படிப்பு படித்தவர்கள், பழக்கூடையோடு வந்தவர்கள், குழந்தையை அழவைத்துக் காட்டியவர்கள் என்று பலரும் அப்படிக் கிளம்பியிருக்கிறார்கள்.

சாம்பல் கிளியை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. அது தம்பியுடையது. பேசும் என்று சொல்லி வாங்கினான். அது பேசவில்லை. பிள்ளைகள் ஒரு வாரத்தில் மறந்தார்கள். அது தன் நெஞ்சைத் தானே மொட்டையடிக்கத் தொடங்கியதும், "ரெண்டு வாரம் வச்சிரு, அக்கா" என்று கொண்டுவந்து விட்டான். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

"பேசறதுக்கு வீட்டுல ஆளில்லன்னு கிளி வாங்கினியா? உன் பொண்டாட்டி புள்ளைங்கல்லாம் என்ன, ஊமையா?" என்று அப்போது கேட்டாள். அவன் சிரித்தான். வீட்டுத் தரகன். திட்டு வாங்கிச் சிரிப்பது அவன் தொழிலில் பாதி.

அவளிடம் வந்த பிறகு இறகு முளைத்தது. முளைத்ததைப் பிடுங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிடுங்குவதில்லை. அவள் வேலைக்குப் போகும் நாட்களில் மட்டும் தட்டில் இறகு கிடக்கும். இதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது: வீட்டில் தான் இல்லை. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் விரிப்புகளின்மேல் காட்டினாள். துணைக்கு ஒரு குரலாவது இருக்கட்டும் என்று கிளி வந்த அன்றே ஒரு வானொலி வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள். கிளம்பும்போது போடுவாள். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றும் முன் அணைப்பாள். உருளையோடு மாரடித்துவிட்டு வரும் காதுக்கு இன்னொரு சத்தம் ஆகாது. அதில் என்ன ஓடுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். புதிதாக ஆபீஸ் திறக்கிறானாம். வாசல் அறையில் கிளியை வைத்தால் வருகிறவர்கள் நின்று பார்ப்பார்களாம்.

"உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினாள். டீயைக் கையில் கொடுத்தாள்.

"எனக்கே பரீட்சையா? இது என் கிளி, அக்கா."

"உன் கிளிதான். அதை மொட்டையடிச்சுக் கொண்டுவந்ததும் நீதான். உக்காரு."

அவன் ஊதி ஊதி ஒரு வாய் குடித்தான். சட்டைப்பையில் மணி அடித்தது, பழைய காலத்துத் தொலைபேசி மணி. "சொல்லுங்க சார்... அதெல்லாம் சூப்பர் வீடு சார், தண்ணிக்குப் பஞ்சமே இல்ல..." கத்திப் பேசி முடித்தான். மறுபடி அடித்தது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. கிளியைப் பார்த்தாள். முதல் மணிக்கு அது விறைத்தது. இரண்டாவது மணிக்குக் குனிந்து நெஞ்சிலிருந்து ஓர் இறகை உருவித் தட்டில் போட்டது.

"உன் போனுக்குத்தான்டா இது பயப்படுது."

"என்னது?"

"மணி அடிச்சதும் பிடுங்குது. உன் வீட்டுல நாள் பூரா இதே மணி, இதே கத்தல். வேற என்ன செய்யும்?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

"சரிக்கா. நான் கெட்டவன். இங்கயும் பிடுங்குதே, அதுக்கு என்ன சொல்ற? தினமும் நான் வந்து உன் வீட்டுல மணி அடிச்சேனா? காலைல பூட்டிட்டுப் போற, மத்தியானம் மூஞ்சிய காட்டிட்டுப் போற. என் ஆபீஸ்ல நாள் பூரா ஆளுங்க இருப்பாங்க. உன்கிட்ட அதுக்கு யாரு இருக்கா?"

அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அங்கே மணி அடிக்க எதுவும் இல்லை. அவளுடைய கைபேசியும் மணி அடிக்காது. சலவைக்கூடத்தில் கேட்காது என்று எப்போதும் அதிர்விலேயே வைத்திருப்பாள்.

"நாளைக்கு சாயங்காலம் வண்டி எடுத்துட்டு வரேன்" என்று கிளம்பினான். அவள் பாதி டீயைத் தொட்டியில் ஊற்றி, டம்ளரை ஆத்திரம் தீரத் தேய்த்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் வானொலியைப் போட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். கதவைத் திறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டு ஓடியது. அறிவிப்பாளர் நேயர்களை அழைக்கச் சொன்னார். ஒரு நேயர் அழைத்தார். அவர் குரல் வருமுன் ஒரு மணி ஒலித்தது. பழைய காலத்துத் தொலைபேசி மணி. அடுத்த நேயருக்கும் அதே மணி. கிளி குனிந்தது.

அவள் எழுந்து மின்கம்பியைப் பிடுங்கினாள்.

தம்பியைக் கைபேசியில் அழைத்தாள். "வண்டி எடுத்துட்டு வராதே. கிளிய நான் தரப்போறதில்ல."

"என்னக்கா, காலங்காத்தால?"

"அதைப் பார்க்கணும்னா போனை வீட்டுல வச்சிட்டு வா."

"அது எப்படிக்கா முடியும்?"

"அப்ப வராதே."

வானொலியைக் கம்பி சுற்றிப் பையில் போட்டு எடுத்துப் போனாள். வேலைக்குத் தாமதமானது. மேற்பார்வையாளர் உருளை இரைச்சலில் ஏதோ சொன்னார். அவள் அவருடைய உதட்டைப் பார்க்கவில்லை. வானொலியை உருளைக்கு மேலிருந்த பலகையில் வைத்துப் போட்டுவிட்டாள். அது பாடியதா, மணி அடித்ததா, யாருக்கும் தெரியவில்லை.

மதியம் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் கை பழக்கத்தில் அலமாரிக்குப் போய், வெறும் இடத்தைத் தொட்டுத் திரும்பியது. செருப்பைக் கழற்றினாள். கூண்டின் அடித்தட்டை இழுத்து, செய்தித்தாளை ஜன்னலருகே கொண்டுபோனாள். எச்சம், விதைத் தோல், கேரட். இறகு இல்லை. தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தாள்.