பஞ்சுக்கை

மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக முயல்களைப் பராமரித்தவர் அவர். கூண்டு கழுவுவார், தீவனம் வைப்பார். கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் பஞ்சுக்கை. யார் தொட்டாலும் உதைக்கும் முயல்கூட, அதன் பின்னங்கால்களுக்கு அடியில் அவர் கை கொடுத்துத் தூக்கி, முகத்தைத் தன் கக்கத்தில் புதைத்துக்கொண்டால் அடங்கிவிடும்.

அதனாலேயே, சோதனை முடிந்த முயல்களைக் கடைசி அறைக்குத் தூக்கிப்போகும் வேலையும் அவருக்கு வந்தது. விஷ ஊசி இறங்கும்வரை பிடித்திருக்க வேண்டும்.

ஒருநாள் அந்த அறையிலிருந்து திரும்பி அடுத்த கூண்டைத் திறந்தார். உள்ளே இருந்த முயல் தானாகவே முன்னால் வந்து அவர் உள்ளங்கைக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னை நம்பித்தான் அதுங்க வருது. இல்லன்னா கொஞ்சம் போராடியாவது பாக்கும்" என்றார் மனைவியிடம்.

"போராடி எங்க போகும்? கதவு பூட்டித்தானே இருக்கு?"

மறுநாள் வேறு வேலை கேட்டார். மேற்பார்வையாளர் சிரித்தார். "ஊசி போடுறது டாக்டர். நீ பிடிக்கிறே, அவ்வளவுதானே?"

"பிடிக்கிறதுதான் சார் முடியல."

தீவனக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வண்டி கழுவுகிறவர் வந்தார். மூன்றாம் நாள் ஒரு அலறல் கேட்டது. முயல் வாய்விட்டுக் கத்துவது அபூர்வம். ஓடிப்போய்ப் பார்த்தார். புதியவர் பிடரியை மட்டும் பிடித்துத் தூக்கியிருந்தார். தொங்கிய கால்களை முயல் வீசி உதைத்ததில் அதன் முதுகெலும்பே முறிந்துவிட்டது. கீழே விழுந்து, முன்னங்கால்களால் தரையில் தன்னை இழுத்துக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணே. அதுவாத்தான் உதைச்சுது."

அவர் குனிந்து அதை அள்ளினார். அது முகத்தை அவர் கக்கத்தில் புதைத்துக்கொண்டது. அந்த நிலையிலும். டாக்டர் வரும்வரை அப்படியே நின்றார்.

அவர் செய்தது கருணையா, கொலைக்கு ஒத்தாசையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவரை நல்லவர் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. அந்தக் கூடத்தில் முயல்களுக்கு வாய்த்த நல்லது அவர் கை மட்டும்தான். அதுவும் கடைசி அறைவரைதான்.

"மறுபடியும் அங்கேயேவா?" என்றாள் மனைவி, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே.

"வேற யார் கையில குடுக்கச் சொல்றே?"

திங்கட்கிழமை ஆறு முயல்கள். ஒன்றுகூட உதைக்கவில்லை.