பள்ளிக்கூடத்துக்காகப் பேசப் போன பட்டறைக்காரர்

பட்டறைக்காரர் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. மறைக்க அது என்ன வழுக்கையா? இரும்பு கேட்டுக்கு அளவு சொல்ல யார் வந்தாலும் முதலில் தன் சரித்திரத்தைத்தான் எடுப்பார், டேப்பை அப்புறம்தான். ராடு சுமந்தது, கண்ணில் பொறி பட்டு வீங்கிய முகத்தோடு வேலை கற்றது, இன்று அந்தத் தெருவில் பாதி வீட்டு கேட் தன் கை வெல்டிங் என்பது வரை வரும். "பள்ளிக்கூடம் போயிருந்தா நானும் எவனுக்காவது சலாம் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன்" என்று முடிப்பார். சொன்னதில் தப்பும் இல்லை. சொந்தக் கையை ஊன்றி எழுந்தவன் சத்தமாகத்தான் பேசுவான்.

அப்பேர்ப்பட்டவர் பள்ளிக்கூடத்துக்காகப் பேசப் பயிற்சி எடுக்கும் நிலை வந்தது. பட்டறைக்கு எதிரே இருந்த அரசுப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். அதை மூடிவிட்டு, புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்க்கலாம் என்று கல்வி அலுவலகத்துக்கு யோசனை. லாரிகள் பேய் மாதிரிப் பறக்கிற சாலை அது. அவருடைய கடைக்குட்டிப் பெண் அப்போது ஏழாம் வகுப்பு. அவர் மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: அந்த ரோட்டைத் தாண்டி மகளை அனுப்பமாட்டேன், பள்ளியை மூடினால் அவள் படிப்பும் அன்றோடு சரி.

மூடுவதற்கு முன் ஓர் அதிகாரி வந்து ஊர்க் கருத்தைக் கேட்பார் என்று தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் ஊர்க்காரர்களே தங்கள் பள்ளிக்காகப் பேச வேண்டும் என்று ஓர் அமைப்பிலிருந்து மேடம் ஒருவர் வந்திருந்தார். மாலையில் இரண்டாம் வகுப்பு அறையில் பயிற்சி. பெஞ்சுகள் பொடிசுகளுக்கானவை, உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடித்தது. மேடம் கற்றுக்கொடுத்த முறை சுலபமானது. முதலில் உங்கள் சொந்தக் கதை. பிறகு, "அந்த நாள் என் வாழ்க்கையையே மாத்துச்சு" என்று சொல்லி நிறுத்த வேண்டும். மூச்சு விட்டு, அதிகாரியின் கண்ணைப் பார்க்க வேண்டும். அப்புறம் கோரிக்கை. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள்.

தையல்கார அக்கா சொன்னபோது மேடத்துக்கே கண் கலங்கியது. ஆட்டோக்காரரும் நன்றாகவே நிறுத்தினார். அடுத்து நம்மாள் எழுந்தார். மனப்பாடமே தேவையில்லாத கதை. ராடு, பொறி, பாதித் தெரு, கடைசியில் சலாம். எழுதிக்கொண்டிருந்த மேடத்தின் பேனா நின்றுபோனது.

"ஐயா, இந்தக் கதைய நீங்க அங்க சொன்னா நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு போட்டுடுவாங்க."

வேறு கதை இருந்தால் சொல்லுங்கள் என்றார் மேடம். இருப்பதே ஒரு கதை, அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி என்றார் இவர். பூட்டையும் நீயே வெல்டிங் வைத்துக் கொடுத்துவிடு என்று ஆட்டோக்காரர் சிரித்தார். வீட்டில் மனைவி வேறு, பெருமை பேசாமல் இரண்டு நிமிடம் இருந்தால் உயிரா போய்விடும் என்று கேட்டார். கடைசியில், கதையே வேண்டாம், கோரிக்கையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது என்று முடிவாயிற்று.

கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு அதிகாரி வந்தார். தையல்கார அக்கா, "அந்த நாள் என் வாழ்க்கையையே மாத்துச்சு" என்று நிறுத்திக் கண்ணைப் பார்த்தார். அதிகாரி நெகிழ்ந்தார். ஆட்டோக்காரரும் அதையே சொல்லி அதே இடத்தில் நிறுத்தினார். மளிகைக் கடைக்காரர் நிறுத்தியபோது அதிகாரி தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டார். படித்தவர்கள் சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான், எல்லாருக்கும் ஒரே அச்சு.

பட்டறைக்காரர் எழுந்தார். பள்ளியை மூடாதீர்கள் என்றார், கும்பிட்டார். உட்காரப் போனவரை அதிகாரி சும்மா விட்டிருக்கலாம். நீங்கள் எதுவரை படித்தீர்கள் என்று கேட்டுத்தொலைத்தார்.

கேட்ட பிறகு மனுஷன் எப்படி வாயைக் கட்டுவது? அணை உடைந்த மாதிரி வந்தது அத்தனையும். அதிகாரிக்கு அன்று முதல்முறையாக முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, பள்ளிக்கூடம் இல்லாமலே ஒருத்தர் எவ்வளவு முன்னுக்கு வந்திருக்கார். இந்தப் பிள்ளைங்களுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளிக்கூடமே இருக்கு. என்ன குறை?"

மேடம் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் மனைவி முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கடைக்குட்டி தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தபடி இருந்தாள். பட்டறைக்காரருக்கு அதுதான் சுருக்கென்றது.

வேறொருவனாக இருந்தால், சொன்னதெல்லாம் சும்மா என்று பின்வாங்கியிருப்பான். இவர் ஓரடி முன்னால் போனார்.

"சார், என்னைக் கணக்குல சேக்காதீங்க. என்கூட படிப்ப விட்டவங்க ஒரு வண்டி ஆளு. அதுல எவன் பட்டறை வச்சான்? ஒருத்தன் என்கிட்டயே ராடு தூக்குறான், இன்னமும் கைநாட்டு. என்னை மாதிரி ஆளு தெருவுக்கு ஒருத்தன் பொறந்தா பெருசு. இந்தத் தெருவுக்கு நான் பொறந்தாச்சு. மத்த பிள்ளைங்க எல்லாம் சாதாரணப் பிள்ளைங்க சார். அதுங்களுக்குப் பள்ளிக்கூடம் வேணும், அதுவும் நடந்து போற தூரத்துல வேணும்."

கூட்டம் கப்சிப் என்றானது. இது யாரும் பழக்கிக் கொடுத்த நிறுத்தம் இல்லை. அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் அதை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது: பள்ளியை இப்போதைக்கு மூடுவதில்லை. "இப்போதைக்கு" என்ற வார்த்தையை மேடம் கவலையோடு படித்துக் காட்டினார். பட்டறைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் பேச்சுக்கு ஆயுசு கெட்டி என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து செய்தி சொன்னார். கடைக்குட்டிக்குச் சந்தோஷம்தான், ஆனால் முகம் கொஞ்சம் உம்மென்றே இருந்தது.

"அப்பா, அப்போ நான் சாதாரணப் பிள்ளைன்னு அத்தனை பேரு முன்னாடியும் சொல்லிட்டீங்க."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னார்:

"உங்கப்பா மாதிரி நீ இல்லன்னுதான் சொன்னாரு. அதுக்குப் போய் ஏன்டி வருத்தப்படுற? சந்தோஷமாப் போய்ப் படி."