ஒரு பங்கு வைத்திருப்பவர்கள்

பங்குச்சந்தையால் ஊருக்கு என்ன நன்மை என்று மாணவர்கள் கேட்டால், முன்பெல்லாம் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவேன். கும்பகோணத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். முகம் தெரியாத பலரின் சேமிப்பு ஒன்று சேர்ந்தால் ஓர் ஆலை எழும்பும், பல குடும்பங்களுக்கு வேலை கிடைக்கும் என்பேன். நம்பித்தான் சொன்னேன். என் அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊரில், கையில் காசு சேர்ந்த பிறகும் அவருக்கு நிலம் விற்க யாரும் முன்வரவில்லை. தம்பிதான் பல வருடம் அலைந்து கொஞ்சம் வாங்கினான். நான் பங்கு வாங்கியபோது எந்தத் தெரு என்று என்னை யாரும் கேட்கவில்லை. அதற்காகவே எனக்கு அந்தச் சந்தையைப் பிடித்திருந்தது.

எங்கள் ஊருக்கு மேற்கே, குருணை அரிசியிலிருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலை ஒன்று வந்தது. அந்தக் கம்பெனி பங்கு வெளியிட்டபோது நானும் வாங்கினேன். நம் பக்கத்துக் கம்பெனி என்று பெருமை வேறு.

ஆலை ஓடத் தொடங்கிய மறு வருடம், சம்பா நடவு முடிந்த சமயம், தம்பி போன் செய்தான். "அக்கா, ஒரு நடை வந்துட்டுப் போ."

போனேன். வாய்க்காலில் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் ஓடியது. புளித்த வாடையில் கரையில் நிற்க முடியவில்லை. இளம்பயிர் மஞ்சளடித்துக் கிடந்தது. ஒன்றைப் பிடுங்கிக் காட்டினான். வேரெல்லாம் கறுப்பு.

"ஆலையில போய்க் கேட்டியா?"

"கேட்டைத் தாண்ட விடலக்கா. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தோம், விசாரிக்கிறோம்னாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான்: "நீ அந்தக் கம்பெனியில பங்கு வெச்சிருக்கேல்ல? உன்னையாவது உள்ள விடுவாங்களா?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் நிஜமாகவே கேட்டான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "பேசாம வித்துடு. நமக்கு எதுக்கு அந்தப் பாவம்?" என்றார். விற்றால் என் கை சுத்தமாகும், வாய்க்கால் சுத்தமாகுமா? நான் விற்பதை இன்னொருவர் வாங்குவார், கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். "விக்க மாட்டேன். உள்ள இருந்துக்கிட்டே கேக்கறேன்" என்றேன்.

அந்தக் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் காணொலியில் நடந்தது. பேச முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் தலைவரை வாயாரப் பாராட்டினார்கள். ஒருவர் போனஸ் பங்கு கேட்டார். இன்னொருவர் தீபாவளிக்கு இனிப்பு அனுப்பச் சொன்னார். என் முறை வந்தது. தமிழில்தான் பேசினேன். வாய்க்காலின் நிறத்தைச் சொல்லி, வேரைச் சொல்ல ஆரம்பித்தபோது, "மேடம், டைம் முடிஞ்சிடுச்சு" என்று ஒரு குரல் கேட்டது. என் மைக் அணைந்தது. தலைவர் ஆங்கிலத்தில், கவனத்தில் கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

மறுநாள் கம்பெனி அதிகாரி ஒருவர் போனில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், நீங்க இப்படிப் பேசினா பங்கு விலை இறங்கும். உங்களுக்கும்தான் நஷ்டம். பிடிக்கலன்னா வித்துட்டுப் போயிடலாமே?"

"பிடிக்கலன்னா ஊரை விட்டுப் போன்னு எங்கப்பாகிட்டயும் சொன்னாங்க சார். அவரு போகல. நானும் போக மாட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தச் சந்தை சமூகத்துக்கு நல்லதா என்று சந்தையையே கேட்டுக்கொண்டிருந்தால், விலைப்பட்டியலைத்தான் நீட்டும். வாய்க்கால் தண்ணீர் அதில் ஏறாது. ஏற்ற வேண்டியவர்கள் நாங்கள்தான்.

தம்பியிடம் சொன்னேன்: "உனக்குன்னு ஒரே ஒரு பங்கு வாங்கு. அது இருந்தா உன்னையும் கூட்டத்துல பேச விட்டாகணும்." அவன் வாய்க்கால் கரையோரத்தில் பயிர் இழந்தவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் செல்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். பங்கு வாங்குவதற்கான கணக்கை ஒவ்வொருவருக்கும் நான் திறந்து கொடுத்தேன். மாமியாரும் மருமகளுமாக வந்த ஒரு குடும்பத்தில், பங்கு யார் பேரில் என்று சண்டையே வந்துவிட்டது. கடைசியில் ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

அடுத்த வருடக் கூட்டத்தில் பாராட்டு முடிந்ததும் எங்கள் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நேரம் முடிந்தது என்று ஒருவரை நிறுத்தினால், அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தம்பி கேட்டான்: "ஐயா, உங்க லாபத்துல எனக்கும் பங்கு இருக்குன்னு சொல்றீங்க. சந்தோஷம். என் வயல் அழிஞ்சதே, அந்த நஷ்டத்துல உங்களுக்குப் பங்கு இல்லீங்களா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முதல்முறையாகத் தமிழில் பேசினார். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்வதாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

செய்தார்கள். சம்பாவுக்கு இப்போது தெளிந்த தண்ணீர் வருகிறது. கோடையில் வாடை இன்னும் அடிக்கிறது. அழிந்த பயிருக்கு ஒரு பைசா வரவில்லை. அதைக் கேட்பதற்காக இந்த ஆண்டுக் கூட்டத்துக்கும் எல்லோரும் பெயர் கொடுத்திருக்கிறோம்.