முன்னால் நகர்ந்த அட்டை

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் இடது கையைப் பறித்ததிலிருந்து, பரிதாபப்படுகிறவர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் கூடத்தில் மட்டும்தான் அந்தச் சிடுமூஞ்சி கொஞ்சம் தளரும். மரத் தாங்கியில் ஏர்கன்னைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, விசையை இழுக்கும் அந்த நொடிக்காகவே வாரம் முழுக்க மனுஷர்களைச் சகித்துக்கொண்டார்.

அன்று குண்டுகள் நெருக்கமாகத்தான் விழுந்தன. ஆனால் எல்லாம் இலக்கு அட்டையின் நடுப்புள்ளிக்குக் கீழே. குழலுக்கு மேலே இருக்கும் குறிக்கண்ணாடி, பழகிய தூரத்துக்கு அவரே திருகிவைத்தது. அட்டை கிட்டே வந்தால்தான் குண்டு இப்படிக் குறிக்குக் கீழே விழும்.

"எவன்டா அட்டையை முன்னால நகர்த்துனது?"

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மச்சினன் இளித்தான். "உங்களுக்குச் சுலபமா இருக்கட்டுமேன்னுதான் மாமா."

"எனக்குப் போனது கைடா, கண்ணு இல்ல. மரியாதையா பழைய இடத்துல வை."

மச்சினன் முணுமுணுத்துக்கொண்டே போய் வைத்தான். அடுத்த குண்டு நடுப்புள்ளியைத் துளைத்தது. அவர் உதட்டோரம் சிரிப்பு எட்டிப்பார்ப்பதற்குள், பின்னாலிருந்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். போன வாரம் பக்கத்து ஆள் இதே புள்ளியை அடித்தபோது ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் திரும்பினார்.

"நிறுத்துங்க. பதிலுக்குத் தட்ட எனக்கு இன்னொரு கை இல்ல."