கிளட்ச் இல்லாத வண்டி

தொண்ணூற்று மூன்றில் எனக்குத் திருமணமாகித் திண்டிவனம் வந்தபோது, என் கணவர் நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடும் தொழிலை அப்போதுதான் தொடங்கியிருந்தார். மூன்று சக்கர மிதிவண்டியில் இரும்பு நாற்காலிகளை அடுக்கி அவரே மிதித்துக்கொண்டு போவார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. பழைய டீசல் டெம்போ ஒன்றும் வந்தது. அதைக் கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். பல வருடங்கள் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

அந்த டெம்போவை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றுவிட்டு, பேட்டரியில் ஓடும் சின்ன பிக்கப் வண்டி ஒன்றை அவர் ஓட்டிக்கொண்டு வந்தார். சமையலறையில் இருந்த எனக்கு வாசலில் வண்டி வந்து நின்றதே தெரியவில்லை. மின்வெட்டு மிக மோசமாக இருந்த காலம் அது. ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது.

“கரண்டே இல்லாத ஊர்ல கரண்ட் வண்டியா?” என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். நானும் அதையேதான் கேட்டேன்.

“புகை இல்ல, சத்தம் இல்ல. நல்ல வண்டி” என்றார் என் கணவர். எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை அவர்.

வண்டியோடு பழக நாளாயிற்று. ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து சார்ஜ் போடுவோம். மாவு அரைப்பதா, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதா, வண்டிக்குப் போடுவதா என்று கரண்ட் வரும்போதெல்லாம் எங்களுக்குள் தகராறு. பெரும்பாலும் வண்டிதான் ஜெயிக்கும். தெருவில் படுத்திருக்கும் நாய்களுக்கு அது வருவதே தெரியாது. ஹாரன் அடித்து எழுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளூர் வேலைகளுக்கு அது போதும். வெளியூர் ஆர்டர் என்றால் பாதி வழியில் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம்.

அப்படித்தான் விழுப்புரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நாற்காலி கேட்டார்கள். ஏற்றி இறக்கும் ஆள் வராததால் நானும் கூடப் போனேன். சார்ஜ் பாதிதான் ஏறியிருந்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் வண்டி சோர்ந்தது. முண்டியம்பாக்கத்துக்குச் சற்று முன்னால் நின்றேவிட்டது. இருவரும் அதை ஒரு மண்சாலைக்குள் தள்ளினோம். முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் மல்லாட்டையை உடைத்துக் கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா அண்ணா, டீசல் தீந்துபோச்சா?”

“டீசல் இல்லம்மா, பேட்டரி. பிளக் குடுத்தீன்னா கொஞ்சம் சார்ஜ் ஏத்திக்கினு போயிடுவோம்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “செல்லுக்குக் கேப்பாங்க. வண்டிக்குக் கேட்டு இப்பதான் பாக்கறேன். கிரைண்டர் போடற பிளக்கு கீது, இழுத்துக்கோங்க.”

அவளும் அவள் வீட்டுக்காரரும் கூலி வேலை செய்கிறவர்கள். அவர் கரும்பு வெட்டப் போயிருந்தார். சார்ஜ் ஏறத் தொடங்கிச் சிறிது நேரத்தில் கரண்ட் போனது. நான் அவளோடு உட்கார்ந்து மல்லாட்டை உரித்தேன். விசேஷ வீட்டிலிருந்து ஜல்தி வரச்சொல்லி போனில் கத்தினார்கள். என் கணவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலுக்கும் பிளக்குக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“அண்ணா, அப்படியே நில்லுங்க. காலுல ரத்தம்” என்றாள் அந்தப் பெண்.

சிமெண்ட் தரையில் அவர் நடந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்தது. அவர் குனிந்து எந்தக் கால் என்று தேடினார். இடது பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். வண்டி தள்ளும்போது வேலிகாத்தான் முள் செருப்பைத் துளைத்து உள்ளே போய் ஒடிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், பெருவிரலுக்கு அடியில், ஓரம் கறுத்துப்போன பழைய புண் ஒன்று.

“வலிக்கலையா?” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பாமல் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: “ரெண்டு வருஷமா இந்தக் கால்ல ஒண்ணுமே தெரியறதில்லம்மா. சுகரு. கிளட்ச்ச மிதிச்சிக்கினு கீறனா இல்லையான்னே தெரியல. ஒருவாட்டி பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ஆள் மேல ஏத்தப் பாத்தேன். அதான் கிளட்ச் இல்லாத வண்டியா வாங்கனேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவளிடம் சொல்லாததை, முன்பின் தெரியாதவளிடம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாரே என்று.

“இதோ கீது பெரியாஸ்பத்திரி. இட்டுக்கினு போங்க அக்கா. சேரு கேட்டு வந்தாங்கன்னா நான் எடுத்துக் குடுக்கறேன்” என்றாள் அவள்.

ஷேர் ஆட்டோ பிடித்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விசேஷ வீட்டுக்காரர்கள் டிராக்டரில் வந்து நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போனதாகப் பிறகு தெரிந்தது. பெருவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

அவர் வார்டில் இருக்கும்போதே வண்டியை எடுக்கப் போனேன். கரண்ட் வந்தபோதெல்லாம் பிளக்கைப் போட்டு அந்தப் பெண் முழுச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தாள்.

“யாரு ஓட்டப் போறாங்க?”

யாரும் இல்லை. நான் மொபெட்கூட ஓட்டியதில்லை. ஆனால் வண்டியில் ஒரு சாவி, இரண்டு மிதி, அவ்வளவுதான். நான் ஏறி உட்கார, அவளும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அந்த மண்சாலையிலேயே போவதும் வருவதுமாக இருந்தோம். ஒருமுறை வைக்கோல் போரில் இடித்தேன். “பேஜாரு பண்றியே அக்கா!” என்று அவள் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். லைசென்ஸ் எடுத்த பிறகுதான் போய் ஓட்டி வந்தேன்.

அதன் பிறகு ஆர்டர்களுக்கு நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வருவார். பேட்டரி ரொம்ப நாள் உழைக்கவில்லை. போகிற தூரம் குறைந்து குறைந்து, கடைசியில் ஊர் எல்லைக்குப் போய்த் திரும்பவே முடியாமல் போயிற்று. வேறு பேட்டரி கேட்டால், விற்ற கடையே அங்கே இல்லை. வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு டீசல் வண்டி வாங்கினோம். அதையும் நான்தான் ஓட்டுகிறேன்.

தினமும் சாயங்காலம் அவர் கட்டிலில் உட்கார்ந்து கால்களை நீட்டுவார். விளக்கைப் போட்டு இரண்டு உள்ளங்கால்களையும் நான் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இல்லை என்று சொல்வேன். சரி என்று காலை மடக்கிக்கொள்வார்.