ஐந்து அக்காக்களும் ஒரு தழும்பும்

ஸ்டூடியோவில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். பதினாறு வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே கணினி, ஒரே வேலை. முதலாளி உள்ளறையில் படம் எடுப்பார். இவள் வெளியறையில் உட்கார்ந்து பருவை அழிப்பாள், பறக்கிற முடியைப் படிய வைப்பாள், கோணின காலரை நிமிர்த்துவாள். வந்தவர்கள் தங்கள் முகத்தைவிட நாலு வயது குறைந்த முகத்தைக் கவரில் போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

முதலாளியின் விதிகள் மூன்று. அடையாள அட்டைப் படத்தில் மச்சத்தைத் தொடக்கூடாது. மற்றப் படத்தில் மச்சத்தை விடக்கூடாது. கேமரா கார்டைக் காலி செய்யாமல் மாலையில் கடையை மூடக்கூடாது. ஒருவர் முகம் இன்னொருவர் கவருக்குள் போய்விட்டால் யார் பதில் சொல்வது? மூன்றும் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டன.

குறை ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் அந்தக் கேமராவைத் துடைத்திருக்கிறாளே தவிர, அதில் கண்ணை வைத்ததில்லை.

"நானும் எடுக்கிறேனே" என்று ஒரு நாள் கேட்டாள்.

"முறையாப் படிச்சு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா. உள்ளறைய உனக்கே விட்டுடறேன்" என்றார் முதலாளி.

அவர் பேச்சுக்குச் சொன்னது. அவள் காரியமாக எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஒரு நாள்கூட விடாமல் போனாள். அவளுக்கு நாற்பத்தொன்று. வகுப்பில் மற்ற எல்லோரும் இருபதைச் சுற்றி. சொல்லிக் கொடுத்த பெண்ணுக்கே முப்பது ஆகவில்லை. இருந்தாலும் வாய் கூசாமல் "மிஸ்" என்று கூப்பிட்டாள்.

கடைசிப் பாடம் ஒரு படம். "நடக்க முடியாத ஒண்ண நம்பற மாதிரி காட்டுங்க" என்று மிஸ் சொல்லியிருந்தாள். படம் வகுப்புச் சுவரில் ஏறினால்தான் சர்ட்டிபிகேட். படத்தில் இருக்கிறவர் ஒரு தாளில் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் படம் சுவரில் ஏறும்.

ரப்பர் யோசிக்கவே இல்லை. அவளுடைய அக்கா தையல் கடை வைத்திருந்தாள். "நாலு பேர் வேலைய நான் ஒருத்தியா பாக்கறேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அந்த நாலு பேரையும் காட்டிவிடுவது என்று தீர்மானித்தாள்.

அடுத்த ஞாயிறு காலை, வகுப்பில் கொடுத்த கேமராவோடு தையல் கடைக்குப் போனாள். ட்ரைபாட் கால் மூன்றையும் சுற்றித் தையல் சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டாள். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. பிறகு அக்காவை இடம் மாற்றி மாற்றி நிறுத்தினாள். மேஜையில் துணி வெட்டுகிற அக்கா, மெஷினில் அக்கா, இஸ்திரி போடுகிற அக்கா, மூலையில் பொத்தான் தைக்கிற அக்கா.

"ஏண்டி, என்னைப் பொம்மைன்னு நெனச்சியா? இந்நேரம் ரெண்டு சட்டை முடிச்சிருப்பேன்."

"அசையாதக்கா."

"அசையாம எப்படி வெட்டறது? நீ வந்து வெட்டு."

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி அக்கா திட்டிய நேரத்தில் ரப்பரின் விரல் பட்டு இன்னொரு படமும் பதிந்துவிட்டது.

அன்று மாலையே படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கார்டைக் காலி செய்தாள். நாலு அக்காவையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்தாள். நிழலுக்கு நிழல், விளிம்புக்கு விளிம்பு அவ்வளவு சுத்தம். ஐந்தாவது படத்தை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தாள். வகுப்பு இல்லாத வியாழக்கிழமை மிஸ்ஸைத் தேடி எடுத்துப் போய்க் காட்டியபோது மிஸ்ஸின் கண் அதில்தான் நின்றது.

"இவங்கள ஏன் வெளிய விட்டீங்க? இவங்கதான் மத்த நாலு பேருக்கும் முதலாளி மாதிரி நிக்கறாங்க. உள்ள கொண்டு வாங்க."

அங்கேயே உட்கார்ந்து ஐந்தாவது அக்காவையும் உள்ளே சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிண்டையும் கையெழுத்துத் தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். சிரித்தாள். பிறகு படத்தை ட்யூப்லைட்டுக்குக் கீழே கொண்டு போனாள். சிரிப்பு நின்றது.

"இதுல திட்டறவ நான். மத்த நாலு பேரும் யாரு?"

"எல்லாம் நீதானக்கா."

"நானா? எங்க என் தழும்பு?"

அக்காவின் இடது தாடையில் பாதிப் பொத்தான் அளவுக்கு ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. ரப்பர் குனிந்து பார்த்தாள். திட்டுகிற அக்காவிடம் தழும்பு இருந்தது. மற்ற நால்வரின் தாடையும் புதுச் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. எப்போது அழித்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. ஒதுக்கி வைத்த படத்தில் மட்டும் கை போகவில்லை.

அக்கா பேனாவை எடுத்தாள். தாளைப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

"இந்த ஒருத்திக்குன்னா நான் போடறேன். மத்த நாலு பேருகிட்ட நீயே போய் வாங்கிக்க."

"அக்கா, நாளைக்கு நாலு மணிக்குக் குடுக்கணும்."

"பதினாறு வருஷமாப் பாக்கறேன். நம்ம வீட்டுல மாட்டியிருக்கிற ஒரு போட்டோவுலயும் என் தழும்பு இல்ல. ஏழு வயசுல ஓடி வந்து இஸ்திரி மேஜைய இடிச்சவ நீ. அதுக்கு நான் ஒரு நாளாவது உன்னக் கோவிச்சுக்கிட்டேனா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அழிச்சுக்கிட்டே இருக்க?"

ரப்பர் படத்தையும் தாளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தாள். பழைய முகத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. ஸ்டூடியோ வழக்கப்படி மூலப் படத்தின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டி, அதன் மேலேயே சேமித்திருந்தாள். கார்டும் காலி. திட்டுகிற அக்காவின் தழும்பை நகலெடுத்து மற்றவர்களின் தாடையில் ஒட்டிப் பார்த்தாள். ஒருத்திக்கு அது மிட்டாய் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இன்னொருத்திக்கு முத்திரை குத்திய மாதிரி. அழிப்பதில் இருந்த கைத்திறன் வரைவதில் இல்லை. நாலையும் நீக்கினாள்.

சனிக்கிழமை காலை கடை திறக்கிற நேரத்துக்குக் கேமராவோடு வாசலில் நின்றாள். "அக்கா, இன்னொரு தடவை" என்று மட்டும் சொன்னாள்.

"உள்ள வா. அரை மணிதான்."

உள்ளே போன ரப்பர் தரையைப் பார்த்து நின்றுவிட்டாள். மூன்று சாக்பீஸ் வட்டமும் அப்படியே இருந்தன. சுற்றிலும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

"அழிக்கலியா?"

"சுத்திப் பெருக்கினேன். உன் வேலை ஒரே தடவையில முடியும்னு எனக்கு என்னிக்கு நம்பிக்கை இருந்துது?"

அப்போதுதான் அக்கா போட்டிருந்த உடையையும் கவனித்தாள். போன ஞாயிறு போட்டிருந்த அதே நீலம். கழுத்துப் பட்டையில் குத்திய ஊசிகூட அதே இடத்தில். ட்ரைபாட்டை வட்டத்தில் நிறுத்தினாள். திட்டுகிற அக்காவை மறுபடி எடுக்கத் தேவையில்லை. புது நால்வரோடு அவளும் பொருந்திவிடுவாள். வெட்டுகிறவள், தைக்கிறவள், இஸ்திரி போடுகிறவள், பொத்தான் தைக்கிறவள் என்று இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. இந்த முறை யாரும் சொல்லாமலேயே அக்கா ஒவ்வொரு தடவையும் இடது தாடையைக் கொஞ்சம் கேமரா பக்கம் காட்டிக்கொண்டு நின்றாள்.

மதியம் ஒவ்வொரு படத்துக்கும் முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். பிரஷ் இரண்டு தடவை தாடையை நோக்கிப் போயிற்று. இரண்டு தடவையும் வலது கையை இடது கையால் பிடித்து நிறுத்தினாள்.

மூன்றரைக்குப் பிரிண்ட் அக்காவின் மேஜையில் இருந்தது. அக்கா ட்யூப்லைட்டுக்குக் கீழே போய், ஒவ்வொரு தாடையாக விரல் வைத்து எண்ணினாள்.

"இப்பத்தான் எல்லாரும் நம்ம வீட்டு ஆளுங்க" என்றாள். தாளை இழுத்து வைத்துக் குனிந்து எழுதினாள். ஒரு கையெழுத்துக்கு ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் ஆயிற்று.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மிஸ் தாளை வாங்கினாள். ஒரு கோடு போட்டிருந்த இடத்தில் ஒரே பெயர் ஐந்து முறை, ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தது. மிஸ் தாளைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவரில் ஆணியைத் தேடினாள்.