மேசைக்கு ஒரு பாவாடை

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குத்தான் குடிபோவான். கல்முனையில் நானும் அப்படித்தான் போனேன், ஒரு உடுப்புப் பெட்டியும் ஒரு கம்பியூட்டரும் கொண்டு. உடுப்புப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியூட்டரைக் கண்டதும் மாமிக்குக் கவலை பிடித்துவிட்டது. கடற்காற்று இரும்புக் கேற்றையே தின்கிறது, மருமகனின் சாமானை விடுமா? நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் பூப்போட்ட தடித்த துணியில், சுருக்கு வைத்து, மேசையைச் சுற்றி நிலம் தொட ஒரு பாவாடை தைத்துக் கட்டிவிட்டார். கீழே வைத்திருந்த கம்பியூட்டர் பெட்டி அதற்குள் முழுதாக மறைந்துபோனது.

"நல்லா இரிக்கி எண்டு உம்மாக்கிட்ட சொல்லு" என்று மனைவியிடம் சொன்னேன். மாமியிடம் நேரே சொல்ல முடியாது. புது மருமகனோடு மாமியார் முகத்துக்கு முகம் கதைப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. அவர் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். கைக்கெட்டும் தூரத்தில்தான் மூவரும் நிற்போம்.

இந்த லட்சணத்தில் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மாமாவுக்குக் கட்டாரில் வேலை. லீவு கிடைக்காமல் மகளின் நிக்காஹ்வுக்கே வரவில்லை. தன் தம்பியை நிற்க வைத்துத்தான் பெண்ணைக் கொடுத்தார். கல்யாணத்துக்கு வேண்டியதையெல்லாம் அங்கிருந்தே அனுப்பினார், மாமிக்கு ஒரு மயில்கழுத்து நிறச் சாரி உட்பட. அவர் திருப்பிக் கேட்டது வீடியோ ஒன்றுதான். "வார வெள்ளிக்கிழம நானே எடிட் பண்ணித் தாறன் மாமா" என்று சொல்லிவிட்டேன். வெள்ளி அவருக்கு ஓய்வு நாள். அறையில் இருக்கிறவர்களையெல்லாம் கூட்டி, பிரியாணி ஆக்கி, ஒன்றாக இருந்து பார்க்கப் போவதாகச் சொன்னார்.

என் கம்பியூட்டர் பழசு. வெட்டி ஒட்டிய துண்டுகளை ஒரே வீடியோவாக்கித் தர அது ஊர்ந்தது. பொறுத்திருக்கலாம். ஆனால் பொறுமைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ப்ரொசெஸரை ஓவர்க்ளொக் செய்தேன். அதாவது கொம்பனி வைத்த வேகத்தை விடக் கூட ஓடும்படி உள்ளே செட்டிங்கை மாற்றினேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். கொஞ்ச நேரம் பறந்தது. பிறகு மவுஸை அசைத்தால் திரையில் அம்பு யோசித்து யோசித்து நகர்ந்தது.

"கூட்டினா குறையுமா? இது என்ன கணக்கு?" என்றாள் மனைவி.

"வைரஸா இரிக்கும்" என்று அடித்துவிட்டேன்.

வைரஸ் இல்லை. வேண்டாத புரோகிராம்களை அழித்தேன், பிரயோசனமில்லை. பெட்டியை ஹோலுக்குத் தூக்கிவந்து திறந்து, தூசி தட்டி, ப்ரொசெஸருக்குப் புதுப் பசை பூசினேன். ஹோலில் வைத்துப் போட்டால் குதிரை. மேசைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தால் கழுதை. திரும்பவும் தூக்கினேன், குதிரை. வைத்தேன், கழுதை. வேகத்தைப் பழையபடி குறைத்திருக்கலாம், மானம் விடவில்லை. கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து மனைவி வழியாகச் செய்தி வந்தது.

"கண்ணூறாம். ஓதித் தண்ணி தெளிக்கட்டா எண்டு உம்மா கேக்கிறா."

"தண்ணி மட்டும் வேணாமெண்டு சொல்லு" என்று பதறினேன்.

வியாழன் பின்னேரம் பென் ட்ரைவ் கைதவறிப் பாவாடைக்குள் விழுந்தது. எடுக்கத் தலையை நுழைத்தேன். புட்டு அவியும் பானைக்கு மேல் முகத்தை நீட்டியது போல இருந்தது. அப்போதுதான் மரமண்டைக்கு உறைத்தது. வேகம் கூடினால் சூடு கூடும். சூடு எல்லை தாண்டினால் ப்ரொசெஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். அந்தச் சூடு வெளியே போகிற வழியையெல்லாம் மாமி அழகாகச் சுருக்கு வைத்து அடைத்திருந்தார். குற்றவாளி இவ்வளவு நாளும் என் முழங்காலில் உரசிக்கொண்டு இருந்திருக்கிறது.

"இதக் கழட்ட வேணும். உம்மாக்கிட்ட சொல்லு."

"நான் சொல்ல மாட்டன். எவ்வளவு ஆசையாத் தைச்சவ. நீங்களே சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் கதவுத் திரையைப் பார்த்துக் கதைத்தேன். "மாமி, உங்கட துணி நல்ல துணிதான். ஆனா உள்ளுக்க மெஷினுக்கு வேர்க்குது."

திரை அசையவில்லை. எனக்குத்தான் வேர்த்தது. கடைசியில் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். "கழட்டட்டாம். ஜன்னலையும் துறக்கட்டாம்."

வெள்ளி ஜும்ஆவுக்குப் போக முன்னரே வீடியோ முடிந்து கட்டாருக்குப் போய்விட்டது. மஃரிபுக்குச் சற்று முந்தி மாமாவின் கோல் வந்தது. எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாஷா அல்லாஹ், நல்லா இரிக்கி மகன். எல்லாரும் பாத்தம். நான் கொஞ்சம் அழுதுட்டன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அவர் குரல் தாழ்ந்தது.

"மறுகாலும் போட்டுப் பாத்தன். உங்கட மாமிய ஒரு இடத்திலயும் காணல்லியே. அந்தச் சாரிய உடுத்தாவா எண்டு பாக்கத்தான்."

வீடியோவில் மாமி எப்படி இருப்பார்? கல்யாணத்தன்று கமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் சமையல் வேலையென்று குசினிக்குள் போய்விட்டார். போனில் வீட்டு உடுப்பில் காண்கிற மனைவியை, தான் அனுப்பிய சாரியில் ஒருதரம் காண அந்த மனுசன் ஆசைப்பட்டிருக்கிறார். நான் எத்தனை வேகம் கூட்டியும் அது மட்டும் வீடியோவில் இல்லை. பாவமாக இருந்தது. உள்ளே அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. மயில்கழுத்துச் சாரி, தலையில் முந்தானை. மாமி மகளைப் பார்க்கவில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"கமராவ எடுங்க மகன். அண்டைக்கு நான் குசினிக்குள்ள நிண்டுட்டன்."